சிறிய பாய்ப்படகின் பாய்மரத்தில் பூம் வேங் பொருத்துவது

பூம் என்பது பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் கிடைக்கம்பம்; மெயின்ஷீட் அதை இழுக்கவும் விடவும் உதவும் கயிறு. மெயின்ஷீட் பூமைக் கீழே இழுத்துப் பிடிப்பது, பூம் படகின் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும்வரைதான். ஷீட்டைத் தளர்த்திப் பூமை வெளியே விட்டதும் அது பக்கவாட்டில் மட்டுமே பிடிக்கும். கீழே பிடிக்க ஆளில்லாததால் பாயின் பின்விளிம்பு பூம் நுனியைத் தூக்கிவிடும். பாயின் மேல்பாதி முறுக்கிக்கொண்டு முன்பக்கம் சாயும், காற்றின் பாதி வீணாகும். காற்றைப் பின்னால் வைத்து ஓடும்போது இந்த முறுக்கு படகை இருபுறமும் உருட்டி, சமயத்தில் கவிழ்த்தும் விடும். ஜைப் செய்யும்போது, அதாவது காற்று பின்னாலிருக்கப் பூமை மறுபக்கம் மாற்றும்போது, பூம் மேலே எகிறுவதும் இதனால்தான். பூமின் அடியிலிருந்து பாய்மரத்தின் அடிக்குச் சாய்வாக இறங்கும் பூம் வேங், பூம் எந்தப் பக்கம் போனாலும் அதைக் கீழேயே பிடித்து வைக்கிறது. கிக்கர், கிக்கிங் ஸ்ட்ராப் என்றும் இதைச் சொல்வார்கள்.

வேங் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கப்பியையும் கயிற்றையும் பற்றித்தான் விசாரிக்கிறார்கள். ஆனால் முதலில் பிய்ந்து வருவது பாய்மரத்தின் அடியில் இருக்கும் தகடும் ரிவெட்டும். தகடு தாங்கிவிட்டால், தவறான இடத்தில் வைத்ததன் பலனை, பூமைப் பாய்மரத்தோடு இணைக்கும் மூட்டான கூஸ்நெக் அனுபவிக்கும். அதனால் இடம், ஆணி, தகடு ஆகிய மூன்றையும் இங்கே விரிவாகவும் மற்றதைச் சுருக்கமாகவும் பார்க்கலாம்.

எவ்வளவு விசை வருகிறது

துளை போடுவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு. பூமின் நீளம் 3 மீட்டர், பாயின் பின்விளிம்பு அதன் நுனியை 40 கிலோ விசையில் மேலே இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கூஸ்நெக்கை மையமாக வைத்தால் திருப்புவிசை 300 × 40 = 12,000 கிலோ-செ.மீ. கூஸ்நெக்கிலிருந்து வேங் கயிற்றுக்குச் செங்குத்தாக எவ்வளவு தூரம் என்று அளந்து, அதனால் இதை வகுத்தால் வேங்கில் வரும் இழுப்பு கிடைக்கும்.

கீழ்ப்புள்ளி கூஸ்நெக்கிலிருந்து 75 செ.மீ. கீழே, பூமில் உள்ள புள்ளி 75 செ.மீ. பின்னால் என்றால் கயிறு 45 பாகையில் நிற்கும். செங்குத்துத் தூரம் 53 செ.மீ.; இழுப்பு சுமார் 226 கிலோ. நுனியில் இருந்த 40 கிலோ இங்கே ஐந்து மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. திடீர்க் காற்றும் அலையும் சேர்ந்தால் இதற்கும் மேலே போகும். ஆகவே பாய்மரத்தில் பொருத்தும் ஒவ்வொன்றும் கணக்கில் வரும் இழுப்பைப் போல இரண்டு மடங்காவது வேலைச்சுமையாகத் தாங்க வேண்டும்.

வேங்கை 45 பாகையில் வைக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். தொடங்குவதற்கு அது நல்ல அளவு, ஆனால் அதைப் பிடித்துத் தொங்க வேண்டாம். பூம் தாழ்வான படகில் கூஸ்நெக்குக்கும் கீழ்ப்புள்ளிக்கும் நடுவே 50 செ.மீ.தான் இருக்கிறது என்றால், 45 பாகைக்காகப் பூம் புள்ளியையும் 50-க்கு முன்னால் தள்ளினால் செங்குத்துத் தூரம் 35 செ.மீ. ஆகி, இழுப்பு 340 கிலோவுக்கு ஏறும். அதே புள்ளியை 75 செ.மீ.-க்குப் பின்னால் கொண்டுபோனால் 288 கிலோ. ஒரு மீட்டருக்குப் போனால் 268. பின்னால் போகப்போக நல்லதுதான், ஆனால் லாபம் குறைந்துகொண்டே வரும். கூடவே கயிறு படுத்துக்கொண்டு, பூமுக்கு அடியில் ஆள் நுழையும் இடத்தை மறிக்கும். பூம் நீளத்தில் நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் வைத்தால் பெரும்பாலான சிறு படகுகளுக்குச் சரியாக வரும். கீழ்ப்புள்ளியைப் பொறுத்தவரை ஒரே விதி: எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்துங்கள்.

கூஸ்நெக்கின் அச்சுக்கு நேர் கீழே

பூம் இடமும் வலமும் சுழல்வது கூஸ்நெக்கில் செங்குத்தாக நிற்கும் பின்னை (முளையாணியை) அச்சாகக் கொண்டு. வேங்கின் கீழ்ப்புள்ளி அந்தப் பின்னுக்கு நேர் கீழே இருந்தால், பூம் எந்தக் கோணத்துக்குப் போனாலும் வேங்கின் நீளம் மாறாது. பின்னால் தள்ளி வைத்தால், பூம் வெளியே போகப் போக வேங் தானாக இறுகும். மேலே சொன்ன 75 × 75 அமைப்பில் கீழ்ப்புள்ளி அச்சுக்கு 10 செ.மீ. பின்னால் இருக்கிறது என்று கொள்ளுங்கள்: பூம் நடுவில் இருக்கும்போது கயிற்றின் நீளம் 99 செ.மீ.; 80 பாகை வெளியே போனதும் 105 செ.மீ. தேவைப்படும். இறுக்கிக் கட்டிய கயிறு அந்த 6 செ.மீ.-ஐக் கொடுக்காது. பூம் வெளியே போக மறுக்கும், இல்லையென்றால் ஏதாவது உடையும். மேல்தளத்தில் பாய்மரத்துக்குப் பின்னால் ஒரு கண்ணைத் திருகி அதில் வேங்கை மாட்டிய படகுகளில் நடப்பது இதுதான். கீழ்ப்புள்ளி அச்சுக்கு முன்னால் போனால் நேர் எதிர்: பூம் வெளியே போகும்போது வேங் தளரும், அதாவது தேவைப்படும் நேரத்தில் வேலை செய்யாது.

கூஸ்நெக்கின் பின் பெரும்பாலும் பாய்மரத்தின் பின்முகத்திலிருந்து 2 முதல் 4 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கீழே பொருத்தும் தகட்டின் துளையும் அதே அளவு வெளியே வந்தால் போதும். கூஸ்நெக் பின்னிலிருந்து ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, நூல் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பாய்மரம் பின்னால் சாய்ந்திருக்கும் படகில் தூக்குக்குண்டு ஏமாற்றும். அங்கே நீளமான நேர்ச்சட்டத்தைப் பாய்மரத்தோடு ஒட்டிப் பிடித்து அளக்க வேண்டும், ஏனென்றால் பூமின் சுழல் அச்சும் பாய்மரத்தோடு சேர்ந்தே சாய்ந்திருக்கிறது.

தாங்குகம்பிகள் இல்லாமல் குழிக்குள் செருகி நிற்கும் பாய்மரம் பூமோடு சேர்ந்தே சுழலும், லேசர் என்ற சிறு பந்தயப் படகில் இருப்பதுபோல. அங்கே கீழ்ப்புள்ளி பாய்மரத்திலேயேதான் இருக்க வேண்டும். அதுவும் சேர்ந்து திரும்புவதால் அச்சுப் பிரச்சினையே வராது.

பாய்மரத்திலா, மேல்தளத்திலா

பாய்மரம் மேல்தளத்தின் மேல் நிற்கும் படகில், வேங் அதை மேலே பிடுங்கிவிடாதா என்று பலர் பயப்படுகிறார்கள். பிடுங்காது. 75 × 75 கணக்கையே எடுத்துக்கொண்டால், வேங் பாய்மரத்தின் அடியை 160 கிலோ மேலே இழுக்கிறது. பூம் கூஸ்நெக்கை 120 கிலோ கீழே அழுத்துகிறது. பாயின் பின்விளிம்பு பாய்மர உச்சியை 40 கிலோ கீழே இழுக்கிறது. கூட்டிக் கழித்தால் பூச்சியம். ஆனால் கிடைமட்டத்தில் 160 கிலோ இணையாக மிச்சம் இருக்கிறது: கூஸ்நெக்கில் முன்னோக்கித் தள்ளும், அடியில் பின்னோக்கி இழுக்கும். பாய்மரத்தின் கீழ்ப்பகுதி முன்னால் வளைவதும், அடி பின்னால் நழுவப் பார்ப்பதும் இதனால். எனவே பாய்மர அடியைப் பிடிக்கும் பின் அல்லது போல்ட் உறுதியாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

மேல்தளத்தில் மாட்டினால் அந்த 160 கிலோவும் தளத்தை மேலே இழுக்கும். பாய்மரம் அதே அளவு தளத்தைக் கீழே அழுத்தும். அடியில் தாங்கு தகடு வைக்காத மெல்லிய ஃபைபர் தளம் சில பருவங்களில் விரிசல் விடும். பாய்மரத்திலேயே மாட்டுவதுதான் நல்லது. மடக்கும் பாய்மரமாக இருந்தால் அதன் கீல் தகடுகளிலும் மாட்டலாம், அச்சு சரியாக வந்தால்.

பாய்மரம் தளத்தைத் துளைத்துக்கொண்டு அடிமட்டம்வரை இறங்கும் படகில் ஒரு எச்சரிக்கை உண்டு. தளத்தின் வளையத்தருகேதான் பாய்மரத்துக்கு வளைவு விசை அதிகம். அந்த மட்டத்தில் துளை போடக் கூடாது. பாய்மர விட்டத்தின் அளவுக்காவது மேலே தள்ளிப் போடுங்கள்.

எந்த விதமான தகடு

இழுப்பு எந்தத் திசையில் வருகிறது என்று பாருங்கள்: மேலும் பின்னும். தகட்டைப் பாய்மரத்தின் பின்முகத்தில் மட்டும் வைத்து நான்கு ரிவெட் அடித்தால், பின்னோக்கிய இழுப்பு ரிவெட்டை நேராகப் பிடுங்கும். மெல்லிய அலுமினியச் சுவரில் ரிவெட் அதைத் தாங்கும் அளவு மிகக் குறைவு. அதே ரிவெட்டைப் பாய்மரத்தின் பக்கங்களில் அடித்தால், இழுப்பு அதைக் குறுக்கே வெட்டப் பார்க்கும், அங்கே அது பல மடங்கு வலு. ஆகவே பாய்மரத்தைப் பின்னாலிருந்து அணைத்து இரு பக்கமும் காது நீட்டும் தகட்டைத் தேடி வாங்குங்கள். 2 அல்லது 3 மி.மீ. தடிமனுள்ள 316 ஸ்டெயின்லெஸ் போதும். பின்முகத்தில் பாய் நுழையும் பள்ளம் கீழ்வரை வந்தால், தகடு அந்தப் பள்ளத்தைத் தாண்டி இரு பக்கமும் முழுதாக ஒட்டி உட்கார வேண்டும்.

வளைவு பொருந்தாத தகட்டை ரிவெட்டால் இழுத்து ஒட்டவைக்க முயலாதீர்கள். ஒவ்வொரு காற்றிலும் தகடு ஆடும், ரிவெட் துளை நீளும். பாய்மரத்தைவிடச் சற்றுச் சிறிய விட்டமுள்ள குழாயின் மேல் வைத்து, மரச்சுத்தியால் தட்டி வளைத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழி குறுக்குப் போல்ட். பாய்மரத்தின் இரு பக்கமும் துளைத்து ஒரு எம்8 போல்ட்டைக் குறுக்கே விட்டு, அதில் பாய்மரத்தின் பின்னால் வளைந்துவரும் U வடிவக் கம்பியையோ இரண்டு பட்டைகளையோ மாட்டுவது. மிக உறுதியானது, ஆனால் உள்ளே ஒரு குழாய்த்துண்டு அவசியம். அது இல்லாமல் நட்டை இறுக்கினால் பாய்மரச் சுவர் உள்வாங்கும். பாயேற்றும் கயிறோ மின்கம்பியோ பாய்மரத்துக்குள் ஓடினால் போல்ட் அதில் உரசும். அந்தப் படகுகளுக்கு ரிவெட் தகடே பொருத்தம்.

கார்பன் பாய்மரத்தில் உற்பத்தியாளரின் ஒப்புதல் இல்லாமல் துளை போடாதீர்கள். அங்கேயும், துளை போட மனம் வராத மர பாய்மரத்திலும், கயிற்றுப் பட்டை கட்டலாம்: 5 மி.மீ. டைனீமா (நீளாத, மிக உறுதியான செயற்கை இழை) கயிற்றை மூன்று சுற்று சுற்றி, அதன் கண்ணில் வேங்கை மாட்டுவது. ஒரு விஷயம் மறக்க வேண்டாம்: வேங் மேலே இழுக்கும், வெறும் சுற்று வழுக்கிக்கொண்டு ஏறிவிடும். அதைக் கீழே பிடிக்கப் பாய்மர அடியில் உள்ள வளையங்களுக்கு இரு பக்கமும் கட்ட வேண்டும், அல்லது ஏற்கெனவே உறுதியாக இருக்கும் ஒரு பொருத்தியின் அடியில் சுற்ற வேண்டும். மரத்தில் போல்ட் போட்டே ஆக வேண்டுமென்றால், துளையை 4 மி.மீ. அகலமாகப் போட்டு, கெட்டியான எப்பாக்சியால் நிரப்பி, காய்ந்த பின் அதன் நடுவில் சரியான அளவில் துளையுங்கள். இல்லாவிட்டால் துளை வழியே நீர் இறங்கி மரம் உள்ளிருந்து உளுக்கும்.

ரிவெட்டா, திருகாணியா

பாய்மரச் சுவரின் தடிமனை அளந்த பின்தான் இதை முடிவு செய்ய முடியும். சிறு படகுகளில் அது பெரும்பாலும் 1.5 முதல் 3 மி.மீ. வரை. எம்5 மரையாணியின் புரி இடைவெளி 0.8 மி.மீ.; 2 மி.மீ. சுவரில் இரண்டரைப் புரிதான் பிடிக்கும். அது கழன்று வரும். குறைந்தது 3 மி.மீ. சுவர் இருந்தால் எம்5 பற்றி யோசிக்கலாம், அதற்குக் கீழே ரிவெட்தான்.

ரிவெட்டின் உலோகம் மோனல், அதாவது நிக்கல்-தாமிரக் கலவை. கடைகளில் எளிதாகக் கிடைக்கும் அலுமினிய ரிவெட் இந்தச் சுமைக்குப் போதாது. மோனலை வாங்கும்போது நடுத்தண்டு எந்த உலோகம் என்று கேளுங்கள்: சாதாரண இரும்புத் தண்டாக இருந்தால் உடைந்து உள்ளே தங்கும் துண்டு துருப்பிடித்துப் பாய்மரத்தில் பழுப்புக் கறை ஒழுகும். 10 சதுர மீட்டர்வரை பாய் உள்ள படகுக்கு 4.8 மி.மீ. ரிவெட் பக்கத்துக்கு மூன்றாக ஆறு போதும். அதற்கு மேல் போனால் 6.4 மி.மீ. அளவுக்கு மாறுங்கள். நீளத்தைப் பிடிப்புத் தடிமனைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்: சுவர் 2 மி.மீ., தகடு 3 மி.மீ. என்றால் 5 மி.மீ. அதன் பிடிப்பு எல்லைக்குள் நடுவாக வர வேண்டும். ரிவெட் குட்டையாக இருந்தால் உள்ளே தலை விரியாது. நீளமாக இருந்தால் இறுகாமல் லொடலொடக்கும்.

சின்னக் கைக்கருவியால் 4.8 மி.மீ. மோனலை இழுப்பது கைவலிதான்; பாதியில் நின்றுபோன ரிவெட் எதற்கும் உதவாது. இரண்டு கையாலும் பிடிக்கும் நீளக் கைப்பிடிக் கருவியை இரவல் வாங்கியாவது பயன்படுத்துங்கள்.

பொருத்தும் வேலை

பாய்மரத்தை இறக்கிப் படுக்கவைத்துச் செய்தால் வேலை சுத்தமாக வரும். நின்றபடியே செய்வதென்றால் பூமைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். உள்ளே கயிறு ஓடினால், துளை பிட் அதைத் தொடாதபடி மறுபக்கம் இழுத்துப் பிடித்திருக்க வேண்டும்.

தகட்டை இடத்தில் வைத்து, அதன் நடுக்கோடு பாய்ப் பள்ளத்தின் நடுக்கோட்டோடு பொருந்துகிறதா என்று மேலேயும் கீழேயும் அளந்து பாருங்கள். 5 மி.மீ. பக்கவாட்டில் தவறினாலும் வேங் ஒரு பக்கம் இறுகி மறுபக்கம் தளரும். ஒட்டுநாடாவால் பிடித்துவைத்து, ஒரே ஒரு துளையை மட்டும் குறித்துச் சென்டர் பஞ்சால் தட்டுங்கள். வளைந்த பரப்பில் பஞ்ச் குறி இல்லாமல் பிட் நழுவிக் கோடு கிழிக்கும். முதலில் 3 மி.மீ. பிட், பிறகு முழு அளவு: 4.8 ரிவெட்டுக்கு 4.9 மி.மீ., 6.4-க்கு 6.5 மி.மீ. எம்5 மரை போடுவதாக இருந்தால் 4.2 மி.மீ. துளை. டிரில் மெதுவாகச் சுற்றட்டும், பிட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். அலுமினியம் சூடானால் பிட்டில் அப்பிக்கொண்டு துளையை முட்டை வடிவமாக்கிவிடும்.

அந்த ஒரு துளையில் தற்காலிகமாக ஒரு போல்ட்டைச் செருகித் தகட்டைப் பிடித்துக்கொண்டு, எதிர்ப்பக்கம் மூலையில் உள்ள துளையைப் போடுங்கள். அதிலும் ஒரு போல்ட். பிறகு மீதியெல்லாம். எல்லாத் துளையையும் ஒரே மூச்சில் குறித்துப் போட்டால் கடைசி இரண்டு நிச்சயம் பொருந்தாது. தகடு நீங்களே செய்வதாக இருந்தால், துளைக்குத் துளை விட்டத்தின் மூன்று மடங்கு, ஓரத்திலிருந்து இரண்டு மடங்கு இடைவெளி விடுங்கள். பாய்மரத்தைச் சுற்றி ஒரே மட்டத்தில் துளை வரிசையாக வரக் கூடாது, மேலும் கீழுமாக மாறி வரட்டும். ஒரே மட்டத்துத் துளைகள் கிழிப்பதற்குக் குறித்த காகிதம்போல ஆகிவிடும்.

துளையின் உள்ளும் வெளியும் பிசிறை எடுத்து, தூளை உதறி வெளியேற்றுங்கள். இப்போது மிக முக்கியமான, பலரும் விட்டுவிடும் வேலை. ஸ்டெயின்லெஸ்ஸும் அலுமினியமும் உப்புநீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கப்பட்டு வெண்பொடியாக உதிரும். அதைத் தடுக்கத் தகட்டின் அடிப்பரப்பு முழுவதும், ஒவ்வொரு ரிவெட்டின் உடலிலும் டெஃப்-ஜெல் அல்லது டூராலாக் போன்ற தடுப்புப் பசையைத் தடவுங்கள். தகட்டுக்கும் பாய்மரத்துக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தாளை வெட்டி வைப்பது இன்னும் நல்லது. காற்று அடைத்து மூடிய பாய்மரமாக இருந்தால், கவிழ்ந்த படகு தலைகீழாகப் போகாமல் காப்பது அந்தக் காற்றுதான். ஒவ்வொரு ரிவெட் தலையிலும் கடலுக்கான சீலன்ட் வைத்து அடைக்க வேண்டும்.

ரிவெட்டை ஒரு மூலையில் தொடங்கி, எதிர் மூலைக்குப் போய், மாறி மாறி அடியுங்கள். தண்டு உடையும் சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டும். பின்பு தகட்டை ஆட்டிப் பாருங்கள்: மயிரிழை அசைந்தாலும் அந்த ரிவெட்டைத் துளைத்தெடுத்து மறுபடி அடிக்க வேண்டும்.

தகட்டில் கப்பியை நேராக மாட்டாமல் ஒரு ஷேக்கிள் (குறுக்கு ஆணியால் மூடும் U வளையம்) வழியாக மாட்டுங்கள். வேங் இருபுறமும் 80 பாகை திரும்ப வேண்டும், மேலும் கீழும் அசையவும் வேண்டும். ஒரே திசையில் மட்டும் மடங்கும் மூட்டாக இருந்தால் பக்கவாட்டு இழுப்பு தகட்டின் காதை முன்னும் பின்னும் வளைத்து வளைத்து ஒடித்துவிடும். ஷேக்கிள் ஆணியின் விட்டம் சிறு படகுக்கு 5 அல்லது 6 மி.மீ., ஆறேழு மீட்டர் படகுக்கு 8. ஷேக்கிளின் பின்னைக் கம்பியால் கட்டிவையுங்கள், வேங் ஆடி ஆடி அதைத் திருகிக் கழற்றிவிடும். டைனீமாவில் செய்த மென்ஷேக்கிள் எல்லாத் திசையிலும் வளையும், ஆனால் தகட்டின் துளை விளிம்பு கூராக இருந்தால் அறுந்துபோகும். விளிம்பை உருட்டையாக அராவுங்கள்.

பூம் பக்கம்

வேங் பிடிக்கும் இடத்தில்தான் பூமுக்கு வளைவு விசை அதிகம், அதன் அடிப்பக்கம் இழுபடுகிறது. அடிமுகத்தில் வரிசையாகத் துளை போட்டால் விரிசல் அங்கேதான் தொடங்கும். பூமின் பக்கவாட்டில், உயரத்தின் சரிபாதியில் குறுக்கே ஒரு போல்ட் விட்டு அதில் U கம்பியைத் தொங்கவிடுவது நல்ல முறை. இங்கேயும் உள்ளே குழாய்த்துண்டு வேண்டும். துளையே வேண்டாமென்றால் பூமைச் சுற்றிப் பட்டையோ டைனீமா வளையமோ போடலாம். வேங் பூமை முன்னோக்கியும் இழுப்பதால் வளையம் பாய்மரத்தை நோக்கி நழுவும். நிறுத்த ஒரு சிறிய கண்பட்டையை ரிவெட் செய்து அதற்குள் வளையத்தை நுழைத்துவிடுங்கள்.

கப்பியும் கயிறும்

226 கிலோவை 4:1 கப்பி வழியே இழுக்கக் கணக்குப்படி 57 கிலோ. கப்பிகளின் உராய்வையும் சேர்த்தால் அதற்கும் மேல். உட்கார்ந்த இடத்திலிருந்து ஒருவர் வசதியாக இழுப்பது 20, 25 கிலோ. அப்படியும் 4:1 பல படகுகளில் போதுமானதாக இருப்பதற்குக் காரணம், முதலில் மெயின்ஷீட்டை இறுக்கிப் பூமைக் கீழே கொண்டுவந்த பின் வேங்கின் தொய்வை மட்டும் எடுப்பதுதான். அப்படிச் செய்தால் 4:1 போதும். ஓடிக்கொண்டிருக்கும்போதே இறுக்கவும் விடவும் வேண்டுமென்றால் 8:1 வையுங்கள்.

4:1-க்கு மேலே இரட்டைக் கப்பி, கீழே இரட்டைக் கப்பியோடு கயிறு கட்டும் கண்ணும் கேம் கிளீட்டும் (கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் பற்கள்). கயிற்றின் நுனி கீழ்க்கண்ணில் தொடங்கி மேலே, கீழே, மேலே, கீழே போய் கிளீட் வழியாக வெளிவரும். கிளீட் உள்ள கப்பி பாய்மரப் பக்கம் இருக்க வேண்டும். மாற்றிப் பூமில் மாட்டினால், பூம் வெளியே போகும்போது கிளீட்டும் தண்ணீருக்கு மேலே போய்விடும். அவசரமாக விட வேண்டிய நேரத்தில் கை எட்டாது.

8:1 வேண்டுமென்றால், 4 மி.மீ. டைனீமாவைப் பாய்மரத் தகட்டில் கட்டி, பூமில் தொங்கும் ஒற்றைக் கப்பி வழியே கீழே கொண்டுவந்து, 4:1 தொகுதியின் மேல்கப்பியில் கட்டுங்கள். இப்போது பாய்மரத் தகட்டில் இரண்டு பொருட்கள் மாட்டப்படுகின்றன. இரண்டுக்கும் தனித்தனித் துளை இருந்தால் ஒன்றோடொன்று உரசாது. இங்கே வழக்கமாக வரும் பிழை டைனீமாவின் நீளம். நீளம் கூடிவிட்டால் வேங் முழுதாக இறுகுவதற்குள் 4:1-இன் கப்பிகள் முட்டிக்கொள்ளும். முழு இறுக்கத்தில் இரண்டுக்கும் நடுவே 10 செ.மீ. மிச்சம் இருக்கும்படி வெட்டுங்கள். புதிய முடிச்சுகள் முதல் சில நாட்களில் இறுகி டைனீமாவைச் சற்று நீட்டும், அதையும் சேர்த்து யோசியுங்கள்.

இழுகயிறு 6 மி.மீ. பாலியெஸ்டர், குறைவாக நீளும் ரகம். கைக்கு மெலிதாகத் தோன்றினால் 8, ஆனால் கிளீட்டும் கப்பியும் அந்த அளவை ஏற்கின்றனவா என்று பாருங்கள். நைலான் வேண்டாம், அது ரப்பர்போல நீண்டு கொடுக்கும். நீளத்துக்கு, பூம் உயர்ந்து நிற்கும்போது கப்பிகளுக்கு இடையே உள்ள தூரத்தை 4-ஆல் பெருக்கி 1.5 மீட்டர் கூட்டுங்கள். 1.2 மீட்டர் தூரமென்றால் 6.3 மீட்டர்.

கரையிலேயே சோதனை

தண்ணீரில் இறங்கும்முன் விசையை நீங்களே உண்டாக்கிப் பார்க்கலாம். பாயை ஏற்றாமல், மெயின் பாயேற்றும் கயிற்றின் நுனியைப் பூமின் பின்நுனியில் மாட்டி, கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். இது பாயின் பின்விளிம்புக்குப் பதில். தகட்டைச் சுற்றிப் பாய்மரத்தில் பேனாவால் கோடு போட்டுவிட்டு, வேங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். தகடு கோட்டைவிட்டு நகர்ந்தால் ஆணி பிடிக்கவில்லை. கூஸ்நெக்கையும் கவனியுங்கள், இதுவரை இல்லாத 160 கிலோ தள்ளுவிசை இனி அதன்மேல் வரப்போகிறது. பழைய ரிவெட் தளர்ந்திருந்தால் இப்போதே தெரியும். பிறகு பாதி இறுக்கத்தில் பூமை இருபுறமும் முழுதாக வெளியே தள்ளிப் பாருங்கள். இரு பக்கமும் சமமாக இறுகினால் கீழ்ப்புள்ளி அச்சுக்குப் பின்னால் இருக்கிறது; ஒரு பக்கம் மட்டும் இறுகினால் நடுக்கோடு தவறியிருக்கிறது. சிறிய வித்தியாசத்தை ஷேக்கிள் நீளத்தை மாற்றிச் சரிசெய்யலாம். பெரிதாக இருந்தால் தகட்டைத்தான் மாற்ற வேண்டும்.

ஓட்டும்போது

பாயை ஏற்றுவதற்கும், சுருக்குவதற்கும், இறக்குவதற்கும் முன் வேங்கை முழுதாக விட்டுவிடுங்கள். பாய் கடைசி ஒரு சாண் ஏறாமல் நின்றால் முதலில் பார்க்க வேண்டியது வேங்கை. பூமை மேலிருந்து தாங்கும் கயிறு இல்லாத படகில் பாய் இறங்கியதும் பூம் விழும், ஒருவர் பிடித்திருக்க வேண்டும்.

எவ்வளவு இறுக்குவது என்பதற்கு பாயை விறைப்பாக வைக்கும் பட்டைக்குச்சிகளில் உச்சியில் உள்ளதைப் பாருங்கள்: நடுத்தரக் காற்றில் அது பூமுக்கு இணையாக நிற்க வேண்டும். அதன் பின்முனை உள்ளே மடங்கினால் வேங் அதிகம், வெளியே திறந்தால் போதாது. மெல்லிய காற்றில் தொய்வு போகும் அளவு போதும். பலத்த காற்றில் குறுக்கே ஓடும்போது வேங் கயிறு எப்போதும் கையெட்டும் இடத்தில் இருக்கட்டும். படகு சாய்ந்து பூம் நுனி தண்ணீரைத் தொட்டால் நீர் அதைப் பின்னால் இழுக்கும், மேலே எழவும் வேங் விடாது. பூம் வளைவது அந்த நொடியில்தான். நுனி தண்ணீருக்கு அருகே வரும்போதே கிளீட்டைத் தட்டி விடுங்கள்.

உப்புநீரில் ஓடியபின் நல்ல தண்ணீரால் தகட்டைக் கழுவுங்கள். ரிவெட்டைச் சுற்றி வெண்பொடி தெரிந்தால் அரிப்பு தொடங்கிவிட்டது, பசை போதவில்லை. கருஞ்சாம்பல் வளையம் தெரிந்தால் ரிவெட் அசைந்து தேய்கிறது. அந்த ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். அதன் சுமையை இவ்வளவு நாளும் பக்கத்து ரிவெட்டுகள் சுமந்திருக்கின்றன. எல்லாவற்றையும் துளைத்தெடுத்து, துளைகள் நீண்டிருந்தால் 4.8-இலிருந்து 6.4 மி.மீ.-க்கு ஏற்றி, பசையை மறுபடி தடவி முழுதாகப் புதிதாக அடியுங்கள்.